பண் காத்த பெருமக்கள்



கொங்கு நாட்டில் தேவாரம் பெற்ற திருப்பதிகள் ஏழு. அவற்றுள் இரண்டு திருப்பூருக்கு மிக அண்மையில் உள்ளன. ஒன்று, பதிகத்திலே திருப்புக்கொளியூர் என்று வழங்கும் அவிநாசி, மற்றொன்று திருமுருகன்பூண்டி. அவிநாசியில், முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பதிகம் பாடி மீட்டருளினார். ஒரு வீட்டிலே உபநயன மங்கல ஒலி. எதிர் வீட்டிலே அழுகை ஒலி. உடன் நீராடிய சிறுவர் இருவருள் ஒருவன் பிழைத்தான், ஒருவன் மாண்டான் என்று கேட்டுச் சுவாமிகள் உள்ளம் கரைந்தார். அவர் பாடப்பாட, நீர் வற்றிக் கிடந்த குளத்திலே முதலை தோன்றிப் பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது; கடந்த ஆண்டுகளின் வளர்ச்சியும் அப்பிள்ளைக்கு இருந்தது என்பது வரலாறு. பூண்டியிலோ, சேரமான் பெருமாள் அளித்த பெருநிதியைக் கொண்டு வந்த சுவாமிகளை, இறைவன் ஏவலால் பூதகணங்கள் வேட்டுவ வடிவம் கொண்டு வழிமறித்துப் பறித்தன. ஆங்கும் பதிகம் பிறந்தது. பறிபோன பொருள் மீண்டது. இவை இவ்வூர்க் குழந்தைகளும் அறிந்த செய்திகளே.

ஆயினும், இவ்விரு பதிகங்களின் தலைப்பிலே ஒரு சிறு குறிப்பு உண்டு. ஏடு புரட்டுவோர் பலர் அதனை நோக்காமல் கடந்துவிடுவர். அவிநாசிப் பதிகத்தின் தலைப்பிலே ‘பண்: குறிஞ்சி’ என்றும், பூண்டிப் பதிகத்தின் தலைப்பிலே ‘பண்: பழம்பஞ்சுரம்’ என்றும் அச்சிட்டிருக்கும். இன்றைய ஓதுவார் மரபிலே குறிஞ்சிப் பண்ணை அரிகாம்போதியிலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும் பாடுவர். பாட்டின் சொல்லை ஏடு காத்தது, அச்சும் காத்தது. பண்ணை எந்த ஏடு காத்தது? தேவார ஏட்டிலே பண்ணின் பெயர்தான் உண்டு. அதன் சுரம் எழுதப்பெறவில்லை. ஆசிரியன் வாயிலிருந்து மாணாக்கன் செவிக்கு வந்ததே பண். செவியும் வாயும் ஒரு தலைமுறை தவறினால் பெயர் நிற்கும், பண் போய்விடும். திருப்பூர் அன்பர்க்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. பின்னலிலே ஒரு கண்ணி நழுவினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர்.

அங்ஙனம் நழுவாமல் பிடித்து நிறுத்திய இசைப்புலவர், ஆசிரியர், விழா எடுத்த பெரியோர் ஆகியோரைப் பற்றியதே இப்பேச்சு.

நழுவிய நிகழ்ச்சி முன்னரே ஒரு முறை நேர்ந்ததுண்டு. தில்லைத் திருக்கோயிலில் பூட்டிய அறையிலே தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்த செய்தியையும், நம்பியாண்டார் நம்பி அவற்றை மீட்டுத் தொகுத்த செய்தியையும் திருமுறை கண்ட புராணம் கூறும். ஏடு கிடைத்தது, சொல் கிடைத்தது. பண் கிடைக்கவில்லை. அப்பொழுது இறைவன் திருக்குறிப்பால், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிலே தோன்றிய பெண் ஒருவரை அழைத்துவந்து பண் வகுக்கச் செய்தனர் என்று அப்புராணம் மேலும் கூறுகின்றது. இதனை அன்பர்கள் உற்று நோக்குதல் வேண்டும். மன்னனும் மறையவரும் தொகுத்தோரும் ஒருங்கே நின்றும் முடியாத காரியம், பாணர் குடியிற் பிறந்த ஒரு பெண்ணின் நாவினால் முடிந்தது. திருக்கோயிலிலே பெண்கள் ஓதுவாராக அமர்வதைப் புதுமை என்று இன்றும் சிலர் வியக்கின்றனர். 2021-இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலில் பெண் ஓதுவார் ஒருவர் அமர்த்தப்பெற்றபொழுதும் அவ்வியப்பு எழுந்தது. பண்ணையே மீட்டுத் தந்தவர் ஒரு பெண் என்னும் வரலாறு அவர்க்கு நினைவில் இல்லை போலும்.

பண்ணின் நிலை எத்துணை நொய்யது என்பதற்குச் செந்துருத்தி ஒன்றே சான்று. தேவாரப் பண்களுள் செந்துருத்தியிலே அமைந்த பதிகம் ஒன்றே ஒன்றுதான். அது சுந்தரர் திருவாரூரிலே, கண்ணிழந்த துயரால், தோழனாகிய இறைவனிடம் முறையிட்டுப் பாடியது. சம்பந்தரும் அப்பரும் அப்பண்ணில் பாடிய பதிகம் இல்லை. ஓதுவார்கள் அதனை மத்தியமாவதி இராகத்திலே பாடி வருகின்றனர். அந்த ஒரு பதிகத்தைப் பாடும் முறையை ஒரு தலைமுறை மறந்திருப்பின், செந்துருத்தி என்பது அகராதிச் சொல்லாக மட்டும் எஞ்சியிருக்கும்.

பண்ணை மீட்டபின் அதனைக் காக்க வழி செய்தவன் இராசராச சோழன். தஞ்சைப் பெரிய கோயிலிலே திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு அவன் 48 பிடாரர்களை அமர்த்தினான். அவர்கட்கு உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவர். ஆக ஐம்பதின்மர். ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல். அஃதாவது, நாள்தோறும் பன்னிரண்டரைக் கலம் நெல் தேவாரத்தின் பொருட்டு அளக்கப்பட்டது. அவனது 29ஆம் ஆட்சியாண்டு வரை அமர்த்தப்பெற்ற அவ்வைம்பதின்மர் பெயரும் கல்லிலே வெட்டப்பெற்று இன்றும் நிற்கின்றன. அக்கல்வெட்டிலே இன்னும் ஒரு செய்தி உண்டு. அது பின்னர் வரும்.

அதன்பின் பல நூற்றாண்டுகள். அரசுகள் மாறின, சபையும் அரங்கும் வேறாயின. தேவாரம் திருக்கோயில் மண்டபத்தோடும் ஆதீனப் பாடசாலைகளோடும் நின்றது. மேடை இசை தன் வழியே சென்றது. ஓதுவார் பாடுவது பக்தி, வித்துவான் பாடுவது சங்கீதம் என்றொரு வேற்றுமை மக்கள் உள்ளத்திலே வேரூன்றிற்று. இவ்விரு சாராரையும் ஓர் அவையிலே கூட்டினாலன்றிப் பண்ணுக்கு விடிவில்லை. கூட்டுவார் யார்?

முதலில் துணிந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர்; பின்னர்ச் சித்த மருத்துவர் ஆனவர். தஞ்சை மு. ஆபிரகாம் பண்டிதர் அவர். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தஞ்சையிலே பள்ளி ஆசிரியராய் இருந்தார். பின்னர் அப்பணியை விடுத்து மருத்துவத்தாலும் தோட்டப் பயிராலும் பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளை இசையிலே கொட்டினார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் அவையை நிறுவி, 1916 வரை ஏழு இசை மாநாடுகளைத் தம் சொந்தச் செலவிலேயே நடத்தினார். இசைவாணரை வரவழைத்து, பாடச் செய்து, வீணையிலே சுருதியைக் காட்டச் சொல்லி, ஐயங்களை அவையிலேயே எழுப்பினார். 1916-இல் பரோடாவிலே கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிற்குத் தம் பெண்மக்களையும் அழைத்துச் சென்று, தாம் கண்ட முடிபை அவர்களைக் கொண்டு இசைத்துக் காட்டினார். 1917-இல் அவர் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் ஆயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட பெருநூல். அவர் கிறித்தவ சமயத்தவர். ஆயினும் சிலப்பதிகாரம் முதலாக வரும் தமிழிசை மரபைத் தேடுவதிலே அவர் காட்டிய தாகத்தைச் சைவர் பலரும் அக்காலத்திலே காட்டவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பண்டிதர் தொடங்கிய ஆராய்ச்சி முடிந்த முடிபன்று. பழைய செம்பாலை என்பது இக்காலத்துச் சங்கராபரணமே என்று அவர் கொண்டார். மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகள் அதனை அரிகாம்போதி என்று கொண்டார். அடிகளும் ஆசிரியரே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் இருந்த துறவி. அவர் பல்லாண்டு உழைத்து எழுதிய யாழ்நூலிலே தேவாரவியல் என்று தனி இயலே உண்டு. அந்நூல் 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறிற்று. அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தார். பண்டிதர் கூற்றா, அடிகள் கூற்றா என்று வழக்கிட்டவர் பலர். அவ்வழக்கினால் தமிழுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. வழக்கிடுவதற்கும் கற்க வேண்டியிருந்தது அன்றோ!

இத்தனிப் பெரியோரின் உழைப்பு ஆண்டுதோறும் நிகழும் விழாவாக உருக்கொண்டது தமிழிசை இயக்கத்தினால். சிதம்பரத்திலே 1929-இல் இசைக் கல்லூரி கண்ட அரசர் அண்ணாமலைச் செட்டியார், தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் உரிய இடமில்லை என்று வருந்தி, 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். 1943-இல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. இசைக்கு மொழி ஏது என்று சிலர் எதிர்த்தனர். இசை அறிந்த பெருமக்கள் இரு பக்கமும் நின்றனர். அப்பூசல் அடங்கிப் பல காலம் ஆயிற்று. அதனைக் கிளற வேண்டுவதில்லை. கொங்கு நாட்டு அன்பர்கள் நினைக்க வேண்டியது மற்றொன்று. அவ்வியக்கத்தின் முன்னணியிலே நின்றவருள் ஒருவர் கோவை ஆர். கே. சண்முகஞ் செட்டியார். பஞ்சாலைத் தொழிற் குடும்பத்திலே பிறந்தவர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர். நூல் நூற்கும் ஆலையையும் நாட்டின் வரவு செலவையும் கண்ட அப்பெருமகனார், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்திற்கு உரையும் எழுதினார். இசை நாடகச் செய்திகள் மலிந்த அக்காப்பியத்திற்கு உரை எழுத ஒரு தொழிலதிபர் முன்வந்தார் என்பது கொங்கு நாட்டுக்குப் பெருமை.

கொடுமுடியிலே பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரும் ஈண்டு நினைக்கத்தக்கவர். வறுமையிலே பிறந்து, நாடக மேடையிலே வளர்ந்து, கோயில் விழாக்களிலே உருகிப் பாடிய அவருக்குத் தமிழ் இசைச் சங்கம் இசைப்பேரறிஞர் என்னும் சிறப்பை அளித்தது. சுந்தரர் நமச்சிவாயத்தைப் போற்றிப் பாடிய கொடுமுடிப் பதிகமும் பழம்பஞ்சுரமே. பூண்டிக்கும் கொடுமுடிக்கும் பண் ஒன்று.

சங்கம் ஆண்டுதோறும் திசம்பர் திங்களிலே இசை விழா நடத்துகின்றது. அதற்கென எழுந்த இராசா அண்ணாமலை மன்றம் 1952-இல் திறக்கப்பெற்றது. விழா என்றால் கச்சேரி, கச்சேரி முடிந்தால் கைதட்டு, பின்னர் வீடு. அத்துடன் நின்றிருந்தால் இங்கு அதனைப் பேச வேண்டிய தேவை இல்லை. 1949 தொடங்கி அவ்விழாவோடு பண் ஆராய்ச்சி மாநாடும் சேர்ந்தது. மாலையிலே மேடை, பகலிலே ஆராய்ச்சி. ஓதுவாரும், கச்சேரி வித்துவானும், இசைக் கல்லூரி ஆசிரியரும், தமிழ்ப் புலவரும் ஓர் அவையிலே அமர்ந்தனர். ஒரு பண்ணை எடுத்துக்கொண்டு, தாம் பாடம் கேட்டவாறு ஓதுவார் பாடுவார். அதன் ஆரோசை அமரோசை யாது, எந்த இராகத்தோடு ஒக்கும், எங்கே வேறுபடும் என்று இசைப்புலவர் காட்டுவார். பழைய நூல்களில் அப்பண்ணைப் பற்றி என்ன உண்டு என்று புலவர் தேடுவார். 13ஆம் நூற்றாண்டுச் சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்திலும் தக்கராகம், கௌசிகம், பஞ்சமம் என்னும் பண்களின் பெயரை ஒத்த இராகப் பெயர்கள் காணப்படுகின்றன. அவையும் ஒப்பு நோக்கப்படும்.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. இந்தளத்தை மாயாமாளவகௌளையிலும் சீகாமரத்தை நாதநாமக்கிரியையிலும் பாடுவது வழக்கு. நாதநாமக்கிரியையோ மாயாமாளவகௌளையின் வழியிற் பிறந்த இராகம். தாயும் மகளும் போன்ற இரண்டையும் வேறு பண்களெனத் தெளியப் பாடுதற்கு எத்துணைத் தேர்ந்த செவி வேண்டும்! தக்கராகமும் தக்கேசியும் காம்போதியிலேயே பாடப்படுகின்றன. பெயர் இரண்டு, இராகம் ஒன்று என்றால், இடையிலே ஏதோ ஒரு நுட்பம் தேய்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். பழம்பஞ்சுரம் சங்கராபரணமே என்பது கற்றோர் கூடி ஏற்ற நல்ல முடிபு. சம்பந்தரும் சுந்தரரும் பாடியது அணுவளவும் மாறாது இதுவே என்று ஆணையிட்டுக் கூறுதல் ஆகாது. அதனை அறிந்தே அப்பெரியோர் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் கூடினர்.

அவ்வழியிலே நின்ற சிலரை மட்டும் சொல்லலாம். திருச்செங்காட்டங்குடியிலே தேசிகர் மரபில் 1908-இல் பிறந்த எம். எம். தண்டபாணி தேசிகர், திரைப்படத்திலே நந்தனாராய் நடித்துப் புகழ் கொண்டவர். அப்புகழோடு இருந்துவிடாமல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே இசைத்துறைத் தலைவராய் அமர்ந்து மாணாக்கர்க்குப் பாடம் சொன்னார். தருமபுரம் ஆதீனத்திலே தேவாரம் பயின்ற தருமபுரம் ப. சுவாமிநாதன், திருமுறைகளை ஒலிப்பதிவிலே பாடி, ஓதுவார் இல்லாத ஊர்களுக்கும் பண்ணைக் கொண்டு சேர்த்தார்.

குடந்தை ப. சுந்தரேசனாரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். பெரும் பட்டமோ பெருஞ் செல்வமோ அவருக்கு இல்லை. சிலப்பதிகாரப் பாட்டையும் தேவாரத்தையும் பண்ணோடு பாடி, பாடிய பண்ணை விளக்கி, ஊர் ஊராய்ச் சென்றார். மேடையிலே பாடிக்கொண்டே பாடம் நடத்துவது அவர் முறை. அவருடைய வாழ்விலே கொங்கு நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அறிவனார் இயற்றிய பஞ்சமரபு என்னும் பழைய இசை நூலைச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் தம் உரைக்குத் துணையாகக் கொண்டார். பிற்காலத்திலே அந்நூல் மறைந்தது. பெயர் மட்டும் எஞ்சியது. அவ்வேட்டைத் தேடிக் கண்டெடுத்து 1973-இல் பதிப்பித்தவர் கொங்கு நாட்டுப் புலவர் வே. இரா. தெய்வசிகாமணிக் கவுண்டர். நூலிலுள்ள இசை நுட்பங்களுக்கு விளக்கம் எழுதியவர் சுந்தரேசனார். கொங்கு நாட்டிலே கிடைத்த ஏடும், காவிரிக் கரையிலே பழுத்த இசையறிவும் ஒன்று கூடியபொழுது, மறைந்த நூல் ஒன்று மீண்டது. அவிநாசிப் பாலன் மீண்ட கதையை அறிந்தோர்க்கு இம்மீட்சியின் இன்பம் விளங்கும்.

இனி, குடமுழுக்குக் காலத்திலே இதனைப் பேசும் காரணத்தைச் சொல்ல வேண்டும். திருப்பணி என்றவுடன் கோபுரம், கலசம், தேர், மண்டபம் என்பனவே அன்பர் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியனவே. திருப்பூரிலும் சுற்றுப்புறத்திலும் தொழிலாளரும் முதலாளிமாரும் மனமுவந்து அளித்த பொருளால் எத்தனையோ கோயில்கள் புதுப்பொலிவு பெற்றுள்ளன. வேள்விச் சாலையிலே மறை முழங்கும். பன்னிரு திருமுறை முற்றோதலும் நிகழும். அந்நாட்களில் வெளியூரிலிருந்து ஓதுவார் வருவர். மண்டல பூசையும் நிறைவெய்திய பின்னர், நாள் வழிபாட்டிலே பஞ்சபுராணம் பாடுவார் யார் என்று வினவின், பல கோயில்களிலே விடை இல்லை. ஒலிபெருக்கியிலே இசைத்தட்டும் ஒலிநாடாவும் பாடிய காலம் போய், இன்று அதனினும் சிறிய கருவி பாடுகின்றது. அஃது இனிதாகவே பாடுகின்றது. ஆயினும், எதிரே நின்று பாடும் சிறுவன் சுரம் தவறினால் அக்கருவி நிறுத்தித் திருத்தாது. அவன் வளர்ந்து மற்றொருவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி பழக்காது.

ஓதுவார் ஒருவர் உருவாக ஆண்டுகள் பல வேண்டும். ஒரு பண்ணிலேயே கட்டளை பல. ஒவ்வொன்றையும் தாளத்தோடு பழக வேண்டும். புறநீர்மை விடியற்காலைக்கு உரியது; மேகராகக்குறிஞ்சி இரவுக்கு உரியது; செவ்வழி எப்பொழுதும் பாடலாம்; இவ்வாறு பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்னும் வேறுபாட்டையும் அறிய வேண்டும். அறநிலையத் துறையும் ஆதீனங்களும் பயிற்சிப் பள்ளிகள் நடத்துகின்றன. கற்று வெளிவரும் இளைஞனும் நங்கையும் குடும்பம் நடத்துதற்குப் போதிய வருவாய் கோயிலிலே கிடைக்குமா என்பதே அவர்தம் பெற்றோர் கேட்கும் வினா. அருகிலே ஆலைச் சங்கு ஊதும்பொழுது, வாரந்தோறும் கையிலே கூலி விழும் ஊரிலே, அவ்வினாவைத் தவறென்று கூற யாராலும் இயலாது.

இவ்வினாவுக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே விடை எழுதி வைத்தவன் இராசராசன். முன்னர்க் குறித்த கல்வெட்டுச் செய்தி அதுவே. 48 பிடாரர்க்கும் முழவுடையார் இருவர்க்கும் நெல் வகுத்ததோடு அவன் நிற்கவில்லை. அவர்களுள் ஒருவர் இறந்துபட்டாலும் வேற்று நாடு சென்றுவிட்டாலும், அவர்க்கு அணுக்கமான உறவினர் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் பாடவேண்டும். உறவினர் தாம் பாடும் தகுதி பெற்றிராவிடின், தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பாடுவித்து நெல்லைப் பெறவேண்டும். உறவினரே இல்லையாயின், எஞ்சிய பிடாரர்களே கூடித் தக்கார் ஒருவரைத் தேர்ந்து அவ்விடத்தில் அமர்த்தவேண்டும். அவ்வாறு அமர்ந்தவர்க்கும் அதே முக்குறுணி நெல் அளக்கப்பட வேண்டும் என்று அக்கல் கூறுகின்றது.

திருச்சிற்றம்பலம்.